பதினெட்டு இலட்சம் ரூபாய்க்கு வாங்கிய சாத்தியவள அறிக்கை

ஹட்டனுக்கு அண்மையில் உள்ள எங்கள் சிறு நகரத்தில் ஒரு கலாசார மண்டபம் கட்டலாமா என்பதை ஆராய்ந்து சொல்லும்படி, கொழும்பில் இயங்கும் ஓர் ஆலோசனை நிறுவனத்திடம் 2025 தைப்பொங்கல் முடிந்த கையோடு பணியை ஒப்படைத்தோம். ஏழு மாதங்கள் கழித்து 148 பக்கங்களில் ஓர் ஆங்கில வரைவறிக்கையும், ஆறு பக்கங்களில் அதன் தமிழ்ச் சுருக்கமும், வண்ணப் படங்கள் ஒட்டிய இரண்டு பெரிய அட்டைகளும் வந்து சேர்ந்தன. இந்த மதிப்புரை அந்தச் சேவையைப் பற்றியது. நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை; கணக்கு இன்னும் தீரவில்லை என்பது ஒரு காரணம், நான் சொல்லப் போகும் குறைகளிற் பாதி இந்தத் தொழில் முழுவதற்கும் பொதுவானவை என்று பிற்பாடு விசாரித்து அறிந்தது மற்றொரு காரணம். மலையகத்தில் வேறு ஊர்களிலும் இதே எண்ணத்தோடு சங்கங்கள் இருப்பதை அறிவேன். அவர்கள் பணம் கொடுப்பதற்கு முன்னர் இதைப் படித்தால் நல்லது.

எங்கள் சங்கத்தில் இருப்பவர்கள் ஆசிரியர்கள், இரண்டு கூத்து மாஸ்டர்கள், நாடகம் போடும் இளைஞர்கள், ஓய்வுபெற்ற ஒரு தோட்டக் கிளாக்கர் ஆகியோர். மண்டபத்துக்கு உதவ முன்வந்த வெளிநாட்டு உறவுகள், முதலில் சாத்தியவள அறிக்கை ஒன்றைக் காட்டுங்கள், பிறகு பணத்தைப் பற்றிப் பேசலாம் என்று உறுதியாகச் சொன்னார்கள். அந்தப் பிடிவாதம் அப்போது எங்களுக்கு எரிச்சலைத் தந்தது. இப்போது அவர்களுக்கு நன்றி சொல்கிறேன். மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்டோம். நடுவில் இருந்த விலையைத் தெரிந்தெடுத்தோம்: பதினெட்டு இலட்சம் ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் பெறுமதி சேர் வரி. கொடுப்பனவு நான்கு தவணைகள். ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டதும் 20 சதவீதம், இடைக்கால அறிக்கைக்கு 30, வரைவுக்கு 40, இறுதி அறிக்கையை நாங்கள் ஏற்றுக்கொண்டதும் 10. இந்தக் கடைசிப் பத்துச் சதவீதத்தை ஒப்பந்தத்தில் சேர்க்க வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தவர் எங்கள் கிளாக்கர்தான்.

முதற் தவறு எங்களுடையது. என்ன செய்ய வேண்டும் என்பதை விவரித்து நாங்கள் கொடுத்த ஆவணம் வேறொரு நகரத்தின் பஸ் நிலையத் திட்டத்துக்காக எழுதப்பட்ட ஒன்றிலிருந்து எடுத்துத் திருத்தியது. அதில் ‘600 ஆசனங்கள் கொண்ட கேட்போர்கூடம் ஒன்றை அமைப்பதற்கான சாத்தியவளத்தை ஆராய்தல்’ என்று நாங்களே எழுதியிருந்தோம். விடையைக் கேள்விக்குள் வைத்துக் கொடுத்த பிறகு, வந்த ஆலோசகர்கள் அந்த 600 ஐத் தொட்டுப் பார்க்கவே இல்லை. அனுபவமுள்ள நிறுவனம் என்றால் முதற் கூட்டத்திலேயே ‘ஏன் 600?’ என்று கேட்டிருக்க வேண்டும். நாங்கள் அந்த எண்ணை யாழ்ப்பாணத்துக் கலாசார நிலையத்தைப் பார்த்து எழுதினோம் என்ற உண்மை அன்றே வெளியில் வந்திருக்கும், அரை அறிக்கை மிச்சமாகியிருக்கும்.

மண்டபத்துக்கு மக்களிடம் எவ்வளவு தேவை இருக்கிறது என்பதை அளவிட்ட அத்தியாயம்தான் அறிக்கையின் மிக மோசமான பகுதி. வினாக்கொத்தைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு இளைஞர்கள் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நகரத்தின் சந்தைக்கு வந்தார்கள். ‘உங்கள் ஊரில் நவீன வசதிகளுடன் கூடிய கலாசார மண்டபம் அமைந்தால் நிகழ்ச்சிகளுக்கு வருவீர்களா?’ என்று கேட்டார்கள். வாரம் முழுவதும் கொழுந்து பறித்துவிட்டு மரக்கறி வாங்க வந்த பெண்ணிடம் மரியாதையாக ஒருவர் இப்படிக் கேட்டால் அவர் வேறு என்ன சொல்வார்? ஏறக்குறைய எல்லோரும் ஆம் என்றே சொல்லியிருந்தார்கள், அந்த ஆம் எல்லாம் கூட்டப்பட்டு ஒரு வட்ட வரைபடமாகி, அதிலிருந்து ஆண்டுக்கு இத்தனை பார்வையாளர்கள் என்ற கணிப்பு பிறந்தது. கடந்த பன்னிரண்டு மாதங்களில் நீங்கள் எந்தெந்த நிகழ்ச்சிகளுக்குப் போனீர்கள், எப்படிப் போனீர்கள், எத்தனை மணிக்கு வீடு திரும்பினீர்கள், கையிலிருந்து எவ்வளவு செலவானது என்ற கேள்விகள் அதில் இல்லை. விருப்பத்தைக் கேட்பதைவிட வழக்கத்தைக் கேட்பதே இத்தகைய ஆய்வின் அரிச்சுவடி என்பதை நான் பிறகுதான் தெரிந்துகொண்டேன். எங்கள் பகுதியில் பெரும்பாலான தோட்டங்களுக்கு மாலை மயங்கிய பிறகு பஸ் கிடையாது. ஆறரைக்குத் தொடங்கி ஒன்பதுக்கு முடியும் நிகழ்ச்சிக்கு வரும் ஒரு குடும்பம் திரும்பிப் போக ஆட்டோ பிடிக்க வேண்டும், ஆட்டோக் கூலி நுழைவுச் சீட்டின் விலையைத் தாண்டிவிடும். தோட்டச் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டிக் கைக்கு வரும் என்பதால், மாதத்தின் கடைசி வாரத்தில் எந்த அமைப்பும் கட்டண நிகழ்ச்சி வைப்பதில்லை என்பதை நகரத்தில் ஒலிபெருக்கி வாடகைக்குக் கொடுக்கும் எவரிடம் கேட்டாலும் சொல்லியிருப்பார். அறிக்கையின் 52 வாரங்களும் ஒன்றுபோல நிரம்பி வழிந்தன.

இதைவிடப் பெரிய இடைவெளி ஒன்று இருந்தது. மலையகத்தில் கலை நிகழும் விதத்தை ஆலோசகர்கள் யாரும் நேரில் பார்த்திருக்கவில்லை. காமன் கூத்து, அர்ச்சுனன் தபசு, பொன்னர் சங்கர் ஆகிய மூன்றும் எங்கள் தோட்டங்களின் பெருங்கூத்துகள். அவற்றின் பெயர்கள் அறிக்கையின் முன்னுரையில் அழகாகக் குறிப்பிடப்பட்டிருந்தன. ஆனால் அதே அறிக்கையின் கட்டிட அத்தியாயம், சட்டகம் போட்ட மேடை, வெல்வெட் திரை, கீழே வரிசை வரிசையாகப் பொருத்திய ஆசனங்கள் என்ற ஒரே மாதிரியை முன்வைத்தது. காமன் கூத்து மாசியில் கம்பம் ஊன்றுவதுடன் தொடங்கிப் பல நாட்கள் நீடிக்கும். இறுதி இரவில் விடியும்வரை ஆடி, காமனை எரித்து முடிப்பார்கள். ஆட்டம் நடப்பது ஊருக்குப் பொதுவான ஒரு பொட்டலில், சுற்றிலும் மக்கள் நிற்க, வேடமிட்டவர்கள் தொழிலாளர் வாழும் வரிசை வீடுகளான லயங்களின் ஊடாக வர, பார்ப்பவரே சில வேளை ஆடுபவராகும் ஒரு நிலையில். அர்ச்சுனன் தபசில் வேடக்காரர் பாடிக்கொண்டே ஏறும் தபசு மரத்தின் உயரத்துக்கு அந்த மண்டபத்தின் கூரையைப் பிய்த்தெறிய வேண்டியிருக்கும். எங்கள் தோற்கருவியான தப்பைக் காய்ச்சாமல் அடிக்க முடியாது; ஈரம் இறங்கிய தோல் சுதி கொடாது, அதை நெருப்பருகே பிடித்துப் பிடித்து இறுக்க வேண்டும், ஒரு இரவில் பல தடவை. தீயணைப்பு விதிகள் பற்றி இரண்டு பக்கம் எழுதிய அறிக்கையில், தப்புக் காய்ச்ச ஒரு மூலை ஒதுக்கப்பட்டிருக்கவில்லை. எங்கள் மூத்த கூத்து மாஸ்டர் வரைபட அட்டையை நெடுநேரம் பார்த்துவிட்டு, ‘எல்லாம் நல்லாத்தான் இருக்கு, நாங்க எங்க நிக்கிறது?’ என்று கேட்டார். கூட்டத்தில் இருந்த ஆலோசகர் அதை நகைச்சுவை என்று எண்ணிச் சிரித்தார்.

நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும். அந்த மாசியில் காமன் கூத்தைப் பார்க்க வரும்படி நிறுவனத்தின் குழு முழுவதையும் அழைத்தோம். வந்தவர் ஒருவர், அவர்களிடம் வேலைக்குச் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத ஓர் இளம் கட்டிடக் கலைஞர். இரவு அஞ்சல் ரயிலில் வந்து, அடுத்த இரவு முழுக்கக் குளிரில் எங்கள் பெண்களோடு போர்வைக்குள் உட்கார்ந்து, விடியும்வரை கோடு போட்டுக்கொண்டிருந்தார். மக்கள் எந்தத் திசையில் நின்றார்கள், பிள்ளைகள் எங்கே தூங்கினார்கள், தேநீர்க் கொட்டில் எங்கே இருந்தது, வேடம் பூசிய இடத்தில் என்ன வெளிச்சம் இருந்தது, மழை பிடித்தபோது கூட்டம் எங்கே ஒதுங்கியது என்பதையெல்லாம் நான்கு பக்கங்களில் வரைந்திருந்தார். அறிக்கையிலேயே சிறந்த பகுதி அந்த நான்கு பக்கங்கள்தான். அவை பின்னிணைப்பு 7 இல், மின்கம்பி விபரங்களுக்கும் வினாக்கொத்தின் பிரதிக்கும் இடையே கிடந்தன. முதன்மை அத்தியாயங்கள் எதிலும் அவற்றைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொண்ட மண்டபங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2011 இல் திறக்கப்பட்ட, 1,200 க்கும் மேற்பட்ட ஆசனங்கள் கொண்ட கொழும்பு நெலும் பொக்குண அரங்கை எங்கள் ஊருக்கு ஒப்பிடுவது, கண்டி எசல பெரஹராவைப் பார்த்துவிட்டு லயத்துக் கோயிலுக்கு யானை கேட்பது போன்றது. யாழ்ப்பாண நிலையம் சற்றுப் பொருத்தமானது. இந்திய அரசின் நன்கொடையில், 600 ஆசனங்கள் கொண்ட அரங்குடன் எழுந்த அந்தக் கட்டிடம் 2022 மார்ச்சில் திறந்து வைக்கப்பட்டு 2023 பெப்ரவரியில் மக்களுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அத்தனை பெரிய கட்டிடத்தை நடத்தும் அன்றாடச் செலவை யார் சுமப்பது என்பது அங்கே பலமுறை பேசப்பட்ட விடயம். யாழ்ப்பாணம் ஒரு மாநகர சபையையும் ஒரு பல்கலைக்கழகத்தையும் கொண்ட நகரம். எங்களிடம் இருப்பது ஒரு பிரதேச சபை. ஆலோசகர்கள் அந்த மண்டபத்தின் ஆசன எண்ணிக்கையை எடுத்துக்கொண்டார்கள், செலவுப் பேச்சை விட்டுவிட்டார்கள்.

பார்த்திருக்க வேண்டிய மூன்று இடங்கள் மலைநாட்டிலேயே உள்ளன. பேராதனைப் பல்கலைக்கழகத்தின் திறந்தவெளி அரங்கு மலைச்சரிவையே ஆசனமாக்கிக்கொண்டது. அதற்குக் கூரையும் இல்லை, மெத்தை இருக்கையும் இல்லை, இருந்தும் தலைமுறை தலைமுறையாக நாடகம் பார்க்கும் கூட்டம் அங்கே உருவாகியிருக்கிறது. கம்பளைக்கு அருகே பழைய பீகொக் தோட்டத்தில் லயன் அறைகளையே அருங்காட்சியகமாக மாற்றி 2007 இல் தொடங்கிய தோட்டத் தொழிலாளர் அருங்காட்சியகம், இருக்கும் கட்டிடத்தைப் பயன்படுத்துவதால் எவ்வளவு மிச்சம், எவ்வளவு சிரமம் என்பதற்குக் கண்முன்னே உள்ள சான்று. கண்டி ஹந்தானையில் பழைய தேயிலைத் தொழிற்சாலை ஒன்று தேயிலை அருங்காட்சியகமாக நிற்கிறது. எங்கள் நகரத்திலிருந்து நடந்து போகும் தூரத்திலும் பூட்டிக் கிடக்கும் ஒரு தேயிலைத் தொழிற்சாலை உண்டு. அறிக்கை அதை வரைபடத்தில் ‘கைவிடப்பட்ட கட்டிடம்’ என்று குறித்துவிட்டுக் கடந்து சென்றது.

வெளிநாட்டில் இந்தத் துறையினர் நன்கறிந்த பாடங்களையும் அவர்கள் எங்களுக்குச் சொல்லவில்லை என்பது என் மனக்குறை. இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்தில் பொப் முதலான வெகுசன இசைக்கென ஒரு தேசிய நிலையம் 1999 மார்ச்சில் திறக்கப்பட்டது; ஆண்டுக்கு 400,000 பேர் வருவார்கள் என்று சாத்தியவளக் கணிப்பு சொன்னது, வந்தவர்கள் அதில் சிறு பங்கினர், அடுத்த ஆண்டின் நடுவிலேயே நிலையம் மூடப்பட்டது. கட்டிடம் இன்று ஒரு பல்கலைக்கழகத்தின் மாணவர் ஒன்றியம். ஐக்கிய அமெரிக்காவில் 1994 முதல் 2008 வரை கட்டப்பட்ட கலாசாரக் கட்டிடங்களைச் சிக்காகோப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 2012 இல் வெளியிட்ட முடிவின்படி, அவர்கள் எடுத்துக்கொண்ட திட்டங்களில் 80 சதவீதத்துக்கும் மேலானவை மதிப்பிட்ட செலவைத் தாண்டின, சில 200 சதவீதம் வரை தாண்டின. அவையெல்லாம் சாத்தியவள அறிக்கை இல்லாமல் கட்டப்பட்டவை அல்ல. கட்டும் ஆசை முந்திக்கொண்ட பின்னர் எழுதப்படும் அறிக்கை அந்த ஆசைக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடுவதோடு நின்றுவிடுகிறது. எங்கள் வரைவறிக்கையும் அந்த வகையைச் சேர்ந்ததே.

நிலத்தைப் பற்றிய பகுதியில் எனக்குக் கோபமே வந்தது. மூன்று இடங்கள் ஒப்பிடப்பட்டன. அவற்றுக்குப் புள்ளிகள் இடப்பட்டன. பஸ் நிலையத்துக்கு எவ்வளவு தூரம், பார்வைக்கு எவ்வளவு அழகு என்பவற்றுக்கெல்லாம் புள்ளி உண்டு. அதிக புள்ளி பெற்ற இடம் ஒரு தோட்டத்தைச் சேர்ந்த சரிவு. தோட்டக் காணி என்றால் என்ன என்பது இங்கே பிறந்த பிள்ளைக்கும் தெரியும்: நிலம் அரசினுடையது, 1992 இல் முகாமை பிராந்திய பெருந்தோட்டக் கம்பனிகளுக்குப் போனது, குத்தகைக்காரரான கம்பனியும் இசைய வேண்டும், குத்தகை கொடுத்த அரச தரப்பும் இசைய வேண்டும். இரு நூறு ஆண்டுகளாக இந்த மண்ணில் இருந்தும் வீட்டுக்கு ஏழு பேர்ச் என்ற சிறு துண்டு நிலத்துக்குப் போராடுகிற ஒரு சமூகத்திடம், காணி உரிமையை ‘உரிய தரப்புகளுடன் கலந்துரையாடிப் பெற்றுக்கொள்ளலாம்’ என்ற ஒற்றை வாக்கியத்தில் தாண்டிச் செல்வது அறியாமையா, அலட்சியமா என்று எனக்குத் தெரியவில்லை.

மண்சரிவு அதனினும் பாரதூரமானது. மலைநாட்டு மாவட்டங்களில் கட்டிடம் எழுப்ப வேண்டுமானால் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் மண்சரிவு அபாய மதிப்பீடு தேவை. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயன்கள் மண்ணுக்குள் போனதை மறந்தவர் எங்களில் யாரும் இல்லை. அந்த மதிப்பீட்டுக்கு விண்ணப்பிப்பதற்குச் செலவாவது அறிக்கையின் விலையில் மிகச் சிறு பகுதி. ஆய்வின் முதல் மாதத்திலேயே செய்திருக்கலாம். ‘விரிவான வடிவமைப்புக் கட்டத்தில் பெறப்படும்’ என்று எழுதி ஒத்திவைத்தார்கள். வரைவறிக்கை வந்து மூன்று மாதங்களில், 2025 நவம்பர் இறுதியில், டித்வா புயலின் மழை மலைநாட்டைப் புரட்டிப் போட்டது. அதிக புள்ளி பெற்ற சரிவில் தேயிலைச் செடிகளோடு சேர்ந்து ஒரு துண்டு நிலம் வீதிக்கு இறங்கியிருந்தது. நான் போய்ப் படம் எடுத்து, எந்தக் குறிப்பும் எழுதாமல் நிறுவனத்துக்கு அனுப்பிவைத்தேன்.

கட்டுமானச் செலவின் மதிப்பீட்டைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கொழும்பின் சதுர அடி விலையை எடுத்து, அதில் பத்துச் சதவீதம் கூட்டியிருந்தார்கள். மணலும் கம்பியும் அவிசாவளையிலிருந்து கினிகத்தேனை வளைவுகளால் ஏறி வரும் கூலியையும், சரிவில் கட்டும் எதற்கும் முதலில் எழுப்ப வேண்டிய தாங்கு சுவர்களையும் அந்தப் பத்துச் சதவீதம் எப்படித் தாங்கும் என்பதற்கு விளக்கம் இல்லை. ஆனால் குளிரூட்டிக்கு ஒரு பெருந்தொகை ஒதுக்கப்பட்டிருந்தது. ஆடி மாதத்தில் ஸ்வெட்டர் போடாமல் முற்றத்தில் இறங்காத ஊருக்குக் குளிரூட்டி! எங்கள் பிரச்சினை வெப்பம் அல்ல, ஈரம். கூத்து உடுப்புகளும் முடிகளும் இரண்டே மாதத்தில் பூஞ்சணம் பிடித்துவிடும், ஆகவே காற்றோட்டமும் உலர்ந்த களஞ்சிய அறையும்தான் தேவை. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தகரக் கூரையில் விழும் மழை, மேடையில் பேசுகிறவரின் குரலை முழுதாக விழுங்கிவிடும். கூரையின் மழை இரைச்சலைப் பற்றி அந்த 148 பக்கங்களில் ஒரு சொல் இல்லை.

இவ்வளவு குறை சொன்ன பிறகு, நான் இருமுறை படித்து அடிக்கோடிட்ட அத்தியாயத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நடத்தும் செலவு பற்றிய அத்தியாயத்தை, கொழும்பில் ஒரு மண்டபத்தின் முகாமையாளராக நெடுங்காலம் இருந்து ஓய்வுபெற்ற ஒருவர் எழுதியிருந்தார். அதில் அலங்காரம் எதுவும் இல்லை. இரவுக் காவலாளி இருவர் ஏன் தேவை, ஒருவரால் ஏன் முடியாது. ஒவ்வொரு சம்பளத்தோடும் தொழில் வழங்குநர் கட்ட வேண்டிய சேமலாப நிதி 12 சதவீதம், நம்பிக்கை நிதி 3 சதவீதம். ஜெனரேட்டரை ஓட்டாவிட்டாலும் வாரத்துக்கு ஒருமுறை இயக்க வேண்டிய டீசல். திரையைச் சுத்தம் செய்யும் கூலி. ஈரத்தால் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பூச வேண்டிய நிறப்பூச்சு. உடைந்த ஆசனங்களுக்கு ஒதுக்கும் தொகை. மலசலகூடத்துக்கான தண்ணீர், வறட்சி மாதங்களில் பவுசர். இவையெல்லாம் மாத வாரியாக அட்டவணையில் இருந்தன. உள்ளூராட்சி சபை நுழைவுச் சீட்டில் அறவிடும் களியாட்ட வரியையும், 1912 ஆம் ஆண்டின் பகிரங்க அரங்காட்டுக் கட்டளைச் சட்டத்தின்படி நாடகப் பிரதிக்குப் பெற வேண்டிய அனுமதியையும் அவர் மட்டுமே நினைவில் வைத்திருந்தார். நிகழ்ச்சி ஒன்றுகூட நடக்காத மாதத்திலும் கதவைத் திறந்து வைத்திருக்க எவ்வளவு ஆகும் என்ற ஒரு எண்ணை அந்த அட்டவணையின் அடியில் தடித்த எழுத்தில் போட்டிருந்தார். அந்த எண்ணைப் பார்த்த இரவில் எங்கள் தலைவருக்குத் தூக்கம் வரவில்லை என்று மறுநாள் சொன்னார். பதினெட்டு இலட்சத்தில் பாதியை அந்த ஒரு அட்டவணைக்கே கொடுக்கலாம்.

வேடிக்கை என்னவென்றால், அதற்கு அடுத்த அத்தியாயத்தை எழுதியவர் இந்த அத்தியாயத்தைப் படித்திருக்கவில்லை. வருமானக் கணிப்பு, நுழைவுச் சீட்டு ஒன்றுக்கு 1,000 ரூபாய் என்றும், அரங்கம் சராசரியாக அறுபது சதவீதம் நிரம்பும் என்றும் வைத்துக்கொண்டது. அறிக்கை எழுதப்பட்டபோது தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம், 2024 செப்டெம்பரில் வர்த்தமானியில் வந்தபடி, 1,350 ரூபாய். கணவன், மனைவி, இரண்டு பிள்ளைகள் நாடகம் பார்க்க வந்தால் மூன்று நாள் உழைப்பு போய்விடும், அதுவும் ஆட்டோக் கூலியைச் சேர்க்காமல். 2012 குடிசன மதிப்பீட்டின்படி நுவரெலியா மாவட்டத்தின் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் மலையகத் தமிழர், அவர்களிற் பெரும்பாலோர் தோட்டங்களைச் சார்ந்து வாழ்பவர்கள். மண்டபம் அவர்களுக்கு என்று முன்னுரையிலும், கணக்கு வேறு யாருக்கோ என்று ஏழாம் அத்தியாயத்திலும் எழுதப்பட்டிருந்தது. மீதிப் பற்றாக்குறையைத் திருமண வாடகை நிரப்பும் என்றார்கள். அது உண்மையாகவே நிரப்பக்கூடும், நகரத்தில் திருமண மண்டபத்துக்குத் தட்டுப்பாடு உண்டு. ஆனால் முகூர்த்தம் உள்ள சனி, ஞாயிறுகளில் திருமணம் நடக்கும் மண்டபத்தில் நாடகம் எந்த நாளில் நடக்கும் என்று நாங்கள் கேட்டபோது, வார நாட்களில் என்று பதில் வந்தது. வார நாளில் வேலை முடிந்து கொழுந்து நிறுத்துவிட்டு வீடு போய்ச் சேருபவர் எப்படி வருவார் என்ற இடத்துக்கு மீண்டும் வந்து சேர்ந்தோம்.

யார் நடத்துவது என்ற அத்தியாயம் பிரதேச சபை, நம்பிக்கைப் பொறுப்பு, கம்பனி என மூன்று மாதிரிகளைப் பாடநூலில் உள்ளபடி விவரித்தது. எங்கள் ஊரில் தொழிற்சங்கங்களுக்கு இடையில் ஒரு மண்டபம் எப்படி நடுநிலையாக நிற்கும் என்பதே உண்மையான கேள்வி; அதை எழுதக் கொழும்புக்காரர் ஒருவருக்குத் தயக்கம் இருந்திருக்கலாம், எனக்கும் இருக்கிறது.

தமிழ்ச் சுருக்கம் இயந்திரத்தில் போட்டு எடுத்ததா என்று சந்தேகிக்கும்படி இருந்தது. மேடையின் பக்கப் பகுதிகள் ‘இறக்கைகள்’ ஆகியிருந்தன. அதில் எண்களோ அட்டவணைகளோ இல்லை. கூத்து மாஸ்டர்களும் தோட்டத் தலைவர்களும் எதன் மேல் கருத்துச் சொல்ல வேண்டுமோ, அது அவர்கள் படிக்க முடியாத மொழியில் இருந்தது. இதை ஒப்பந்தத்தில் எழுதாமல் விட்டது மறுபடியும் எங்கள் பிழை. எழுதாமலே செய்திருக்க வேண்டியது அவர்கள் கடமை. விளக்கக் கூட்டத்தில் படங்கள் ஓடின, மாலை வெளிச்சத்தில் பளபளக்கும் கண்ணாடிக் கட்டிடத்தின் முன் யாரென்று தெரியாத வெள்ளை நிற மனிதர்கள் நடந்து போனார்கள். ஒலிபெருக்கிக்காரர் என் காதருகே, ‘இவங்க எந்தத் தோட்டம்?’ என்றார்.

புயலுக்குப் பிறகு நாங்கள் எழுதிய பதின்மூன்று பக்கக் கடிதத்துக்கு நிறுவனம் கோபப்படவில்லை என்பதை அவர்கள் கணக்கில் வரவு வைக்கிறேன். மேலதிகக் கட்டணம் கேட்காமல், 2026 தையில் திருத்திய அறிக்கை ஒன்றைக் கொடுத்தார்கள். அதில் 600 ஆசன மண்டபம் இப்போதைக்குச் சாத்தியமில்லை என்று முதற் பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு ஆலோசனை நிறுவனம் அந்த வாக்கியத்தை எழுதுவது எவ்வளவு அரிது என்பதை மற்ற இரு நிறுவனங்களோடு பேசியதிலிருந்து அறிவேன். பின்னிணைப்பு 7 இல் கிடந்த நான்கு பக்கங்கள் மூன்றாம் அத்தியாயமாகிவிட்டன. அவற்றின் மேல் எழுந்த பரிந்துரை இது: நகரத்தின் சமதரையில் கோயில் நம்பிக்கைப் பொறுப்புக்குச் சொந்தமான பொட்டலில், முதற் கட்டமாகப் பக்கங்கள் திறந்த உயரமான ஒரு கூரை, மழை இரைச்சலைத் தடுக்கும் இரட்டை அடுக்குடன், நடுவில் கூரையில்லாத வட்டம், அதில் கம்பமும் தபசு மரமும் நடலாம், ஓரத்தில் தப்புக் காய்ச்சவும் தேநீர் போடவும் ஒரு அடுப்படி, உடுப்புகளுக்கு ஈரம் புகாத ஒரு அறை, பெண்களுக்குப் போதிய மலசலகூடங்கள், முச்சக்கர வண்டிகளும் ஒரு பஸ்ஸும் திரும்பும் இடம். இரண்டாம் கட்டமாக, காணி இசைவும் மண்சரிவு மதிப்பீடும் கிடைத்தால் மட்டும், பழைய தேயிலைத் தொழிற்சாலையில் 150 பேர் அமரும் ஒரு சிறு அரங்கு. நடத்தும் செலவின் அட்டவணை இப்போது வருமான அத்தியாயத்துக்கு முன்னால் வந்திருக்கிறது, சீட்டு விலையும் 200 ரூபாய்க்கு இறங்கியிருக்கிறது. அந்த விலையில் பற்றாக்குறை எவ்வளவு, அதை யார் ஆண்டுதோறும் தர வேண்டும் என்பதும் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கிறது.

கொடுத்த பணத்துக்குப் பெறுமதி உண்டா என்று கேட்பவர்களுக்கு: திருத்திய அறிக்கைக்கு உண்டு, வரைவுக்கு இல்லை. அதே நிறுவனத்திடம் மீண்டும் போவேனா என்றால், அந்த ஓய்வுபெற்ற முகாமையாளரும் அந்த இளம் கட்டிடக் கலைஞரும் குழுவில் இருப்பார்கள் என்று பெயர் குறித்து ஒப்பந்தத்தில் எழுதித் தந்தால் போவேன். பணியை ஒப்படைக்கப் போகும் சங்கங்கள் ஆசன எண்ணிக்கையை எழுதிக் கொடுக்காமல், தங்கள் ஊரில் கடந்த ஓராண்டில் நடந்த எல்லா நிகழ்ச்சிகளின் பட்டியலையும், இடம், நேரம், வந்த கூட்டம், ஆன செலவு ஆகிய விபரங்களோடு, எழுதிக் கொடுக்கட்டும். நாங்கள் அதைத் தயாரிக்க இரண்டு வார இறுதிகளும் ஒரு கொப்பியும்தான் தேவைப்பட்டன, அது ஆறு மாதம் தாமதமாகத்தான் எங்களுக்குத் தோன்றியது. மண்சரிவு மதிப்பீட்டுக்கான விண்ணப்பத்தை இரண்டாம் தவணைக்கு முன் நிபந்தனையாகப் போடட்டும். ஆய்வின் காலம் ஒரு மாசியையும் ஒரு ஆடியையும் உள்ளடக்கட்டும், கூத்தையும் மழையையும் ஆலோசகர்கள் நேரிற் பார்க்க வேண்டும்.

இறுதித் தவணையான பத்துச் சதவீதம் இன்னும் எங்கள் வங்கிக் கணக்கிலேயே இருக்கிறது. அட்டவணைகளுடன் கூடிய முழுத் தமிழ் அறிக்கை வந்து, அதைக் கூத்து மாஸ்டர்கள் இருவரும் படித்துக் கையெழுத்திட்ட அன்று காசோலை அனுப்பப்படும் என்று கிளாக்கர் எழுதிவிட்டார். பங்குனி முடிவதற்குள் தருவதாகப் பதில் வந்திருக்கிறது.